அரை மாத்திரைக்கு அஞ்சிய அம்மையாருக்கு

முப்பத்தோராண்டுகள் இம்மருத்துவமனை மருந்தகத்தின் மருந்தையும் மாண்பையும் ஒருசேரக் காத்த தலைமை மருந்தாளுநர் அவர்களே! வரிசையில் வாடி நின்றோர்க்கு வாஞ்சையோடு வழிசொன்ன வள்ளன்மையே! எண்ணிக் கொடுத்ததை எடுத்து மீண்டும் எண்ணிய எச்சரிக்கையே! எங்கள் 'எதுக்கும் அக்கா'வே! இன்று பணி நிறைவு பெறும் தங்களுக்கு, மருந்தகத்தார் யாவரும் எழுந்து நின்று படைக்கும் மடல் இது.

இத்தகைய மடல்களில் அஞ்சாமைக்கென ஒரு பத்தி ஒதுக்குவது வழக்கம். நாங்களும் எழுதிப் பார்த்தோம். வாசித்த மூத்த உதவியாளர் சிரித்துவிட்டார். "யாரைச் சொல்றீங்க, நம்ம அக்காவையா? ஃபோன் அடிச்சாலே நெஞ்சைப் பிடிச்சுப்பாங்களே." உண்மைதான். பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பீர்கள். ஒரே நிறத்தில் இரண்டு மருந்துப் பெட்டிகள் அடுத்தடுத்து இருந்தால் தங்களுக்கு இருப்புக் கொள்ளாது. "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடலாம்" என்று தாங்கள் சொல்லாத நாளில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தங்கள் முதுகுக்குப் பின்னால் நாங்கள் பேசாத நாளுமில்லை. அதற்கு இம்மன்றத்தில் மன்னிப்புக் கோருகிறோம். அஞ்சாமைப் பத்தியைக் கிழித்துவிட்டு, சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை நடந்ததை இங்கே எழுதியிருக்கிறோம்.

அதற்கு முந்தைய வாரம்தான் மருந்தகக் கணினிகள் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றப்பட்டிருந்தன. மருந்துப் பைகளில் ஒட்டும் சீட்டை அச்சிடும் மென்பொருளில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக வந்தன. வந்த எழுத்திலும் கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம். அதைச் சரிசெய்யும் வேலை எங்கள் கணினிப் பெண்ணிடம் வந்தது. பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்றிருப்பவள் அவள். செய்வதையெல்லாம் மணி போட்டுக் குறிப்பேட்டில் எழுதுவாள்; எழுதியதையும் நம்பமாட்டாள். திங்கள் மாலை, தன் வீட்டுக் கணினியிலிருந்த பழைய எழுத்துரு ஒன்றைக் கொண்டுவந்து இங்கே எழுத்துருக் கோப்புறையில் போட்டாள். சீட்டில் எழுத்துகள் முத்துமுத்தாக வந்தன. நாங்கள் கைதட்டினோம். அன்றைய குறிப்பில் அவள் எழுதியது: "ஐந்து நாற்பது. சரியாகிவிட்டது. நிஜமாகவா?"

செவ்வாய் முழுதும் தாங்கள் கிடங்கில் சரக்கு சரிபார்த்துக்கொண்டிருந்தீர்கள். புதன் காலை பதினொரு மணிக்கு முகப்புக்கு வந்தபோது வரிசையில் நாற்பது பேர். ஒரு பையைக் கொடுக்கப் போன உதவியாளரின் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். சீட்டில் 'காலை' என்றிருந்தது, பிறகு ஓர் இடைவெளி, பிறகு 'மாத்திரை'.

"இந்த இடத்துல என்ன இருக்கணும்?"

"அரைன்னு இருக்கணும்கா. டாக்டர் அரைதான் எழுதியிருக்கார்."

"எங்கே அரை?"

தாங்கள் முகப்பின் இரும்புக் கதவை இறக்கினீர்கள். "பதினோரு மணிக்கேவா சாப்பாடு?" என்று வெளியே ஒருவர் கேட்க, வரிசையே சிரித்தது. உள்ளே கணினிப் பெண் சீட்டை வாங்கிப் பார்த்தாள். அந்தச் சீட்டின் எழுத்து அவள் கொண்டுவந்த எழுத்து.

"பிரிண்டரா இருக்கும்கா," என்றாள். அப்படி இருக்கவேண்டும் என்று மனத்துக்குள் மன்றாடினாள். ஆனால் அச்சிடும் முன் திரையில் பார்த்தாலும் அதே இடைவெளி. அடுத்து, தகவலே அழிந்துவிட்டதா என்று பார்த்தாள். அந்த வரியை நகலெடுத்து வேறொரு எழுதும் மென்பொருளில் ஒட்டியதும் ½ என்ற அரைக் குறி தெளிவாக வந்து நின்றது. தகவல் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. எந்த எழுத்துருவை எடுக்கிறாய் என்று கட்டளை வரியில் கணினியையே கேட்டாள். அவளுடைய எழுத்துருவின் பெயரைச் சொன்னது. அதைத் திறந்து ஒவ்வொரு குறியாகப் பார்த்தாள். அரைக்கு உரிய இடம் இருந்தது. உள்ளே ஒன்றும் வரையப்படவில்லை.

"இடமே இல்லாம இருந்திருந்தா கணினி வேற எழுத்துருவுல தேடி எடுத்திருக்கும்கா," என்றாள். "இடம் இருக்கு, வெறுமையா இருக்கு. அதனால இருக்குன்னு நம்பிடுச்சு. கட்டம்கூடக் காட்டலை."

அவள் அந்த எழுத்துருவை நீக்கினாள். கணினி சேர்த்துவைத்திருந்த எழுத்துருப் பட்டியலைப் புதுப்பித்தாள். மென்பொருளை மூடித் திறந்தாள். எழுத்துகள் பழையபடி கோணல்மாணலாக வந்தன. அரையும் வந்தது. அவள் மூச்சு விட்டாள். தாங்கள் விடவில்லை.

"திங்கள் சாயங்காலத்துலேருந்து யார் யாருக்கு இப்படிப் போயிருக்கு?"

அந்தக் கேள்வி எங்களில் ஒருவருக்கும் அதுவரை தோன்றவில்லை. அவள் பதிவுகளில் தேடி ஒன்பது பேர் என்றாள். ஒருவர் எண்ணை வாசிக்க ஒருவர் அழைத்தார். எட்டுப் பேர் எடுத்தார்கள். நான்கு பேர் முழு மாத்திரை போட்டிருந்தார்கள். நல்லவேளை, அவை வலிக்கும் சளிக்குமானவை. ஒன்பதாமவர் தையல்காரர். இதயத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரை, முதல் முறையாக எழுதப்பட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. தாங்கள் முன்னே நடக்க, கணினிப் பெண் பின்னால் வந்தாள். மூன்றாம் மாடிப் படியில் தங்களுக்கு மூச்சு வாங்கியது, நிற்கவில்லை. கதவைத் திறந்தது அவர் மனைவி. அவருக்குப் பின்னால் தையல் இயந்திரம், ஊசிக்கு அடியில் பாதி தைத்த துணி.

"தூங்குறார். தலை சுத்துதுன்னார். ஃபோன் அடிச்சா எழுந்துடுவாரேன்னு நான்தான் சத்தத்தை அணைச்சேன்."

"மாத்திரை எத்தனை போட்டார்?"

"நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. எத்தனைன்னு எழுதலை, அப்போ ஒண்ணுதானே?"

தாங்கள் படுக்கையருகே அமர்ந்து மணிக்கட்டைப் பிடித்து ஒரு முழு நிமிடம் எண்ணினீர்கள். உதடு அசைந்தது, ஓசை வரவில்லை. பிறகு முதலிலிருந்து எண்ணினீர்கள். நாற்பத்திரண்டு. குறைந்தது அறுபதாவது இருக்கவேண்டும்.

உடனே அவரை நம் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தீர்கள். அவசரப் பிரிவு மருத்துவர் கண்காணிப்பில் வைத்தார். "நாளைக்கும் ஒண்ணு போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாது," என்றார். மூன்றாம் நாள் தையல்காரர் நடந்தே வீடு திரும்பினார். ஆனால் அந்த நண்பகலில் அது எங்களுக்குத் தெரியாது. நடைவழி இருக்கையில் கணினிப் பெண் அழுதாள். தாங்கள் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லும் நிலையிலும் இல்லை. கையிலிருந்த குவளைத் தண்ணீர் சேலையில் சிந்திக்கொண்டிருந்தது.

"ஒன்பதுன்னு எப்படி எண்ணின?" என்றீர்கள்.

"அரைன்னும் மாத்திரைன்னும் சேர்ந்து வர்ற சீட்டைத் தேடினேன்."

"மாத்திரை மட்டுமா?"

அவள் அழுகை நின்றுவிட்டது. இருவரும் திரும்பி ஓடினீர்கள். இம்முறை அரைக் குறியை மட்டும் தேடினாள். பத்து.

பத்தாவது சீட்டு நாற்பது நாள் குழந்தைக்கான சொட்டு மருந்து. அரை மில்லி. செவ்வாய் மதியம் வாங்கியது.

கை நடுங்கியதால் தொலைபேசியை மேசைமேல் வைத்து, குரல் எல்லோருக்கும் கேட்கும்படி செய்தீர்கள். மூன்று முறை மணி அடித்தது. தாய் எடுத்தார். குழந்தை அழும் ஒலி கேட்டது. அழுகை அவ்வளவு இனிது என்று நாங்கள் அன்றுதான் அறிந்தோம்.

"இன்னும் குடுக்கலைங்க," என்றார் அந்தத் தாய். "எவ்வளவுன்னே போடலை. மாமியார் ஒரு மூடி ஊத்துன்னாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. உங்களையே கேட்டுடலாம்னு கிளம்பிட்டிருக்கேன். இதுக்கெல்லாம் வர்றாளேன்னு திட்டுவீங்களா?"

"திட்ட மாட்டேம்மா. நல்லாப் பயந்தே. அரை மில்லி. திருப்பிச் சொல்லு."

"அரை."

"இன்னொரு தடவை சொல்லும்மா."

"அரைங்க."

தொலைபேசியை வைத்துவிட்டுத் தாங்கள் அங்கேயே தரையில் அமர்ந்துவிட்டீர்கள். கணினிப் பெண்ணும் பக்கத்தில் அமர்ந்தாள். கதவுக்கு வெளியே வரிசை அப்படியே இருந்தது.

அன்று மாலை மேலிடத்துக்குத் தாங்கள் எழுதிய அறிக்கையின் முதல் வரி, "செவ்வாயன்று வெளியே போன சீட்டுகளை நான் பார்க்கவில்லை" என்பது. எழுத்துருவின் பிழை இரண்டாம் வரியில்தான் வந்தது. மறுநாள் முதல் எங்கள் சீட்டுகளில் குறிகள் கிடையாது. 'அரை' என்று எழுத்திலேயே அச்சாகிறது. எழுத்துகளின் கோணல் தீர மேலும் மூன்று வாரம் ஆயிற்று. புதிய எழுத்துருவை ஏற்றுமுன் கணினிப் பெண் எல்லாக் குறிகளையும் ஒரு தாளில் அச்சிட்டாள். தாங்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தீர்கள். யாரும் சிரிக்கவில்லை.

அன்புடை அம்மையீர்! கருத்தோடு காத்தவரே, கலங்கியும் கடமை வழுவாதவரே! நோயற்ற உடலும் நொடிக்காத மனமும் நூறாண்டு நிறைவாழ்வும் தங்களுக்கு வாய்க்கட்டும். மனைநிறை மகிழ்வும் மழலைச் சுற்றமும் தங்களைச் சூழட்டும். இன்று காலை சாவிகளையும் பதிவேடுகளையும் முறைப்படி எங்களிடம் ஒப்படைத்துக் கையொப்பம் பெற்றுக்கொண்டீர்கள். பட்டியலில் ஒன்று விடுபட்டிருக்கிறது. முப்பத்தோராண்டுகள் எங்கள் அனைவருக்குமாகத் தாங்கள் ஒருவரே சுமந்த அச்சத்தையும் எங்களிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்லுங்கள். ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து வைத்துக்கொள்கிறோம். நாளை காலை முதல் மருந்துப் பையை நீட்டும்போது எங்கள் கைகள் நடுங்கட்டும். தங்கள் கைகள் ஓய்வு கொள்ளட்டும்.

பெற்றுக்கொண்டோம் எனக் கையொப்பமிடும்,
மருந்தக முகப்பு, கிடங்கு, கணினிப் பிரிவுப் பணியாளர்கள் பதினால்வர்