‘கரையும் வெளிச்சமும்’ குழுவின் நிர்வாகி

முதலில் ஒரு சின்ன விஷயம், சார்ஜென்ட் மொராவெக். இந்த விசாரணை அறையின் குழல்விளக்கை மாற்றச் சொல்லுங்கள். இதன் கீழே உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் நாலு நாள் சாப்பிடாதவர்போலத்தான் தெரிவார்கள். நீங்களும்தான். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினொரு வருடமாகப் பிறர் எடுத்த படங்களில் குறை கண்டுபிடித்தே பழகிப்போன கண் இது.

பெயர் மல்கம் டிரெகியர். வயது அறுபத்து மூன்று. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். ‘கரையும் வெளிச்சமும்’ என்ற இணையக் குழுவைத் தொடங்கியவனும் நிர்வாகியும் நான்தான். இந்தத் தென்கரையில் கடலைப் படம் எடுக்கிற நாலாயிரம் பேர் அதில் இருக்கிறார்கள்.

இந்த மாதிரிக் குழுக்களால் நன்மையே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எனக்கு முட்டி அறுவை சிகிச்சை நடந்தபோது, முன்பின் முகம் பார்க்காத ஒன்பது பேர் வீடு தேடிச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். ஒருவர் தோட்டத்துப் புல்லையும் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். கடல்நீர் பனிமூட்டம்போலத் தெரியும்படி படம் எடுப்பது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெர்த்தில் இருக்கும் ஒரு பல் மருத்துவர். இன்றுவரை அவரை நேரில் பார்த்ததில்லை.

ஆனால் எரிச்சலும் கொஞ்சநஞ்சமில்லை. விடியுமுன் எழுந்து, குளிரில் நடுங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு படம் எடுத்துப் போட்டால் முப்பது இதயக்குறி விழும். எவனோ தன் நாயை அஸ்தமனச் சூரியனுக்கு முன்னால் உட்காரவைத்துப் போட்டால் நானூறு. கீழே வரிசையாக ‘அருமை’, ‘அருமை’. படத்தைப் பார்த்தார்களா என்பதே சந்தேகம். இன்னொரு கூட்டம் ‘என்ன கேமரா?’ என்று மட்டும் கேட்கும். வாய் தவறி ஒரு நல்ல இடத்தின் பெயரைச் சொல்லிவிட்டாலோ, அடுத்த ஞாயிறு அங்கே இருபது கேமரா முக்காலி நிற்கும். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

அதற்காகத்தான் ‘வெள்ளி வெட்டு’ என்று ஒன்றை ஏற்படுத்தினேன். வெள்ளிக்கிழமை போடும் படத்தின் கீழே புகழக் கூடாது, ஊர்க்கதை பேசக் கூடாது. படத்தின் குறையை மட்டும் சொல்லவேண்டும். மற்றதையெல்லாம் அழித்துவிடுவேன். கடலோரப் பாறைத்திட்டில் யாரும் தனியாக இறங்கக் கூடாது, மேலே ஒருவர் நின்று கடலைக் கவனிக்கவேண்டும் என்பதும் என் விதிதான். அதனால் பதினொரு வருடத்தில், அந்த ஒரு நாள் வரை, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு எனக்கு ஓர் இதயம்கூட விழுந்ததில்லை.

டார்சி ஃபென்விக் இரண்டு வருடம் முன்பு சேர்ந்தாள். இருபத்தாறு வயது, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முதலில் அவள் போட்ட படங்கள் மகா மோசம். வெள்ளி தவறாமல் நான்தான் வெட்டினேன். அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. “மல், இன்னைக்கு எத்தனை துண்டு?” என்று கேட்டுக்கொண்டே அடுத்த படத்தைப் போடுவாள். தேறினாள். நன்றாகவே தேறினாள். என்னால்தான் தேறினாள் என்பதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்லவில்லை. குழுவின் நாட்காட்டி அட்டையில் எட்டு வருடம் தொடர்ந்து என் படம்தான் வந்தது. இந்த வருடம் அவளுடையது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒரு வெள்ளி, என் படத்தின் கீழே அவள் எழுதினாள்: “அடிவானம் சாஞ்சிருக்கு மல். வானத்துக்குச் சாயமும் கொஞ்சம் தூக்கல். கடல் எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டிருக்கலாம்.”

அவள் சொன்னது சரி. அதுதான் தாங்கவில்லை. அந்த மூன்று வரிக்கு முந்நூற்றுப் பதினாறு இதயம். என் படத்துக்கு இருபத்திரண்டு.

மூன்று வாரம் கழித்து, இன்னொரு வெள்ளிக்கிழமை, ஏணித்திட்டு என்ற படிப்படியான பாறையில் எடுத்த படம் ஒன்றைப் போட்டேன். உடனே டார்சி கேட்டாள்: “அடேயப்பா, என்ன இடம் இது! நாளைக்குக் காலைல எனக்காக மேல நிப்பீங்களா மல்? காப்பி என் செலவு.”

“ஆறு மணிக்கு வந்துடு. தண்ணி நல்லா வத்தியிருக்கும்” என்று பதில் எழுதினேன். வற்றும் நேரத்தைச் சரியாகத்தான் சொன்னேன்.

பத்து நிமிடத்தில் குழுவில் இருக்கும் நெவில் அதே படத்தின் கீழே வந்தார். நாற்பது வருடம் அந்தப் பாறைகளில் தூண்டில் போட்டவர். “நாளைக்கு வேணாம் புள்ள. தெக்க பெரிய புயல் அடிச்சிருக்கு. கால் மணி நேரம் கடல் தூங்குற மாதிரி கிடக்கும், நம்பி நிப்ப. அப்புறம் மூணு அலை சேந்து வந்து திட்டையே வழிச்சிட்டுப் போயிடும்” என்று எழுதினார்.

அதில் படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அழித்தேன். மறுபடி எழுதினார். ஒரு வாரத்துக்கு அவர் எழுத முடியாதபடி தடை போட்டேன். டார்சி பார்ப்பதற்குள் அவர் எழுதிய இரண்டையுமே அழித்துவிட்டேன். அவள் தொலைபேசி எண் நெவிலிடம் இல்லை. விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று காலையில் உங்களிடம் சொன்னேன்.

“அவ காப்பி வாங்கித் தர்றேன்னு எழுதினதும் படத்தோட குறை இல்லையே. அதை ஏன் அழிக்கல?” என்று நீங்கள் கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன். அட்டைப்படக்காரி என் துணையைக் கேட்டிருக்கிறாள் என்பதை நாலாயிரம் பேரும் பார்க்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

மறுநாள் சொன்ன நேரத்துக்கு வந்தாள். காப்பியை என் கையில் கொடுத்துவிட்டு, “முட்டி எப்படி இருக்கு? நிக்க வேணாம், உக்காந்தே பாருங்க. உங்களைக் கொடுமைப்படுத்துனேன்னு குழுவுல எழுதிடாதீங்க” என்றாள். நெவில் சொன்னபடியே கடல் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் மேல்திட்டில் பத்து நிமிடம் படம் எடுத்தாள்.

திடீரென்று அலை வந்து அவளை இழுத்துப்போனது, நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை என்று அன்று எழுதிக் கொடுத்தேன். எல்லாரும் நம்பினீர்கள். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “தனியா விடாம நீங்களாவது கூட இருந்தீங்களே” என்று அழுதாள். குழுவில் டார்சிக்கு நான் எழுதிய அஞ்சலிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் இதயம். இதுவரை நான் போட்ட எதற்கும் அவ்வளவு விழுந்ததில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அதனால்தான் நீங்கள் நெவிலைப் பற்றி மட்டும் கேட்கக் கூப்பிட்ட இடத்தில் இவ்வளவும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

லென்ஸை நான் துடைக்கவில்லை. டார்சி கீழ்ப்படியைக் காட்டி, இறங்கலாமா என்று சைகையில் கேட்டாள். தெற்கே மூன்று கறுப்புக் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வருவது மேலிருந்து நன்றாகத் தெரிந்தது. எண்ணிப் பார்த்தேன். பிறகு அவளுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

அந்த இடத்தில் பாறையைப் பார்த்தபடிதான் இறங்கமுடியும். அவள் கடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணாந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.