சூசைக்குப் பந்து போட்டவர்

சுகிர்தம்: கேக்குத் தட்டைச் சரிக்காதீங்க! பஸ்ஸுல ஏறுனதுல இருந்து சொல்லிக்கிட்டே வாறேன்...

லியனார்ட்: நான் சரிக்கல. ரோடுதான் சரியுது. ஹட்டன் ரோட்டுல நேரா நிக்கிற ஆளு யாரு இருக்கா?

சுகிர்தம்: வாயி மட்டும் கொறையல. பாருங்க, மாவுல போட்ட பிளம்ஸ் பூரா ஒரு பக்கமா ஒதுங்கிருச்சு.

லியனார்ட்: அந்தப் பக்கத்தை எனக்கு வெட்டிக் குடுத்துருங்க.

சுகிர்தம்: ஆசையப் பாரு!

லியனார்ட்: இந்தாங்க... பஸ்ஸுலயே ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்.

சுகிர்தம்: மொதல்ல தட்டு. பேக்கரியில பாண் ரொட்டி எடுத்த சூட்டோட போறணை அடுப்புல வச்சாத்தான் கேக்கு எந்திரிக்கும். நடங்க.

லியனார்ட்: நடக்குறேன், நடக்குறேன்... ஒங்க அண்ணன் எப்ப வாறாராம்?

சுகிர்தம்: இருபத்தேழாம் தேதி. என்னையக் கூட்டிக்கிட்டுப் போக வேனோட வாறேன்னு எழுதியிருக்காரு. பொல்பிட்டியவுல அவரு குவாட்டர்ஸ்ல ஒரு காம்பரா ஆளில்லாம சும்மா கெடக்காம். புருசன் கண்ண மூடி நாலு வருசமா தோட்டத்து லயத்துல ஒத்தையில கெடந்து என்னத்தக் கண்டேன்னு ஒரே ஏச்சு.

லியனார்ட்: அப்ப... போறதுன்னு முடிவா?

சுகிர்தம்: நீங்க சொல்லுங்க. போகவா?

லியனார்ட்: நான்... நான் என்னத்தச் சொல்றது? அந்தா, கியூ நீளுது. வாங்க வாங்க.

சுகிர்தம்: ம்... நல்ல ஆளு.

மீராசாஹிப்: வாங்க தங்கச்சி! வாங்க தம்பி! எல்லாத் தோட்டத்துத் தட்டும் வந்துருச்சு, சூசை வீட்டுத் தட்டை மட்டும் காணோமேன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கேன்.

சுகிர்தம்: பஸ்ஸு லேட்டு மீராசாஹிப் நானா. இந்த வருசம் எத்தன தட்டு?

மீராசாஹிப்: அறுவதைத் தாண்டிருச்சு. நத்தாருக்கு மொத நாளு எங்க பேக்கரியில பாணை விட ஒங்க கிறிஸ்மஸ் கேக்குதான் கூட. இங்க குடுங்க... அடடா, என்ன வாசம்! ஏலக்கா தூக்கலா இருக்கே.

லியனார்ட்: அடி கருகாமப் பாத்துக்குங்க நானா.

மீராசாஹிப்: எனக்கா சொல்ற? முப்பது வருசமா போறணை பாக்குறவன்கிட்ட! ...இருங்க, பேரு எழுதிக் காயிதத் துண்டு வைக்கணும். போன வருசம் துண்டு வைக்காம சிசிலி வீட்டுக் கேக்கை டோரீன் வீட்டுல தின்னு முடிச்சிட்டாங்க. பெரிய ரகள. வழக்கம் போல 'சூசைரட்ணம் வீடு'ன்னே எழுதட்டுமா?

லியனார்ட்: ஆமா நானா, அப்பிடித்தான...

சுகிர்தம்: இல்ல. 'சுகிர்தம்'னு எழுதுங்க.

மீராசாஹிப்: ஓ... சரி தங்கச்சி. சூசை கோவிச்சுக்க மாட்டானே?

சுகிர்தம்: அவரு கேக்குக்குப் போயி கோவிப்பாரா? தின்னத் தெரியும், அம்புட்டுதான்.

மீராசாஹிப்: அடிக்கவும் தெரியும்! அவனை மாதிரி எல்லே வெளையாட்டுல பந்து அடிக்கிற ஆளு இந்த மலையில இனிப் பொறந்துதான் வரணும். மூங்கில் கம்பைத் தூக்கிக்கிட்டு அவன் நடந்து வாறப்பவே எதிர்க்கட்சிக்காரன் பத்தடி பின்னுக்குப் போயிருவான்.

லியனார்ட்: பத்தடியா? தேயிலைக்குள்ளேயே போயி நிப்பான்.

சுகிர்தம்: எனக்கு அந்த வெளையாட்டே வெளங்குறதில்ல நானா. அடிக்கிறவருக்கு அவரு கட்சி ஆளே பந்து போடுறாரு. அது என்ன வெளையாட்டு? நம்ம ஆளு நல்லாத்தான போடுவான்?

லியனார்ட்: நல்லாப் போடுறது அவ்வளவு லேசுன்னு நெனச்சீங்களா? ஒரு ஆளுக்கு மூணே மூணு பந்து. அவரு கை எந்த ஒசரத்துல சுத்தும், எப்ப சுத்தும், அன்னிக்கு அவரு மனசு எப்பிடி... எல்லாம் தெரிஞ்சு போடணும். அடிச்சிட்டு ஒரு சுத்து ஓடி வரணும். பந்தைப் புடிச்சாலும் அவுட்டு, ஓடுற ஆளு மேல எறிஞ்சாலும் அவுட்டு.

மீராசாஹிப்: பதினோரு வருசம் சூசைக்கு வேற யாரும் பந்து போட்டதில்ல தங்கச்சி. ஒருக்கா தம்பிக்குக் காய்ச்சல்னு வேற ஆளைப் போடச் சொன்னதுக்கு, கம்பைக் கீழ வச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டானே!

சுகிர்தம்: வீட்டுக்கு எங்க வந்தாரு? நேரா இவருக்குக் கஞ்சி கொண்டுகிட்டுல்ல போனாரு. நான் வச்ச கஞ்சி.

லியனார்ட்: அதுல உப்பே இல்ல.

சுகிர்தம்: அப்பவே சொல்றதுக்கென்ன? எதையுமே நேரத்துக்குச் சொல்ல மாட்டீங்க!

மீராசாஹிப்: ஹா... ஹா! அத விடுங்க. எழுவத்திமூணாம் வருசத்து மேட்ச்சு ஞாபகம் இருக்கா? இதே நாளு. நம்ம டவுன் கிரவுண்டுல. திம்புள்ளக்காரங்களோட.

லியனார்ட்: பதிமூணுக்குப் பதிமூணு.

மீராசாஹிப்: கடைசி ஆளு சூசை! ஒரு சுத்து ஓடி வந்துட்டா கப்பு நம்மளுக்கு. கடையை அப்பிடியே போட்டுட்டு நானும் ஓடிட்டேன். மொதப் பந்து... காத்துதான் வந்துச்சு. ரெண்டாவது பந்து... அதுவும் போச்சு.

லியனார்ட்: அவரு மேல தப்பில்ல. நான்தான் ஒசரமாப் போட்டுட்டேன்.

மீராசாஹிப்: சூசை கம்பைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு மெதுவா தம்பிகிட்ட நடந்து வந்தான். காதுல என்னமோ சொன்னான். திரும்பிப் போயி நின்னான். மூணாவது பந்து...

சுகிர்தம்: டமார்!

மீராசாஹிப்: எங்க பேக்கரித் தகரத்துல! அந்தப் பள்ளம் இன்னும் இருக்கு. மழை பேஞ்சா ஒழுகுது. தகரத்தை மாத்தச் சொல்லி வீட்டுல செரீபா நச்சரிக்கிறா. எனக்கு மனசு வரல... தம்பி, ஆறு வருசமாக் கேக்குறேன். அன்னிக்குக் காதுல என்ன சொன்னான்?

லியனார்ட்: அதச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் நானா.

மீராசாஹிப்: ஏதும் மந்திரமா?

சுகிர்தம்: எனக்கும் சொல்லாமத்தான் போயிட்டாரு அந்த மனுசன். சத்தியம் வாங்குனவரே இல்ல, இனி என்ன? சொல்லுங்க.

லியனார்ட்: ஏச மாட்டீங்களே?

சுகிர்தம்: யாரை?

லியனார்ட்: எங்க ரெண்டு பேரையும்.

சுகிர்தம்: நத்தாரும் அதுவுமா ஏசல. சொல்லுங்க.

லியனார்ட்: "லியனார்ட்டு... கேக்குத் தட்டை நானா கடையில குடுத்துட்டு எடுக்க மறந்தே போயிட்டேன்டா. நானாவும் இங்கதான் நிக்கிறாரு. இந்நேரம் கருகியிருக்கும். சுகிர்தம் என்னையக் கொன்னுருவா. இடுப்புக்கு நேரா ஒழுங்கா ஒண்ணு போடு, அடிச்சிட்டு அப்பிடியே ஓடிர்றேன்..."

சுகிர்தம்: அட கர்த்தரே!

மீராசாஹிப்: யா அல்லா! அதான் சுத்தி முடிச்சவன் நிக்காம நேரா என் கடைக்குள்ள பாஞ்சானா! சனமெல்லாம் மாலையோட தொரத்துது, அவன் போறணைக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்கிறான். ஆளுக்குப் புத்தி பெரண்டுருச்சுன்னு நெனச்சேன்.

சுகிர்தம்: கரி நானா! அடி பூராக் கரி! மாவு கெடைக்காத காலம். ரெண்டு நாளு கியூவுல நின்னு வாங்குன மாவு. கப்பைக் கொண்டாந்து மேசையில வச்சிட்டு, கேக்கை அதுக்குப் பின்னால ஒளிச்சு வச்சாரு. நான் ஏசுறேன், ஏசுறேன்... அவரு கரியச் சுரண்டிச் சுரண்டித் தின்னுக்கிட்டு சிரிக்கிறாரு.

மீராசாஹிப்: மன்னிச்சுருங்க தங்கச்சி. அன்னிக்குப் போறணையை விட்டுட்டு ஓடுனவன் நானு. அவன் என்னையக் காட்டிக் குடுக்கவே இல்ல பாத்தீங்களா!

சுகிர்தம்: அவரு யாரைத்தான் காட்டிக் குடுத்தாரு... அய்யோ, சிரிச்சுச் சிரிச்சு கண்ணுல தண்ணி வந்துருச்சு.

லியனார்ட்: லேஞ்சி இருக்கு, இந்தாங்க, தொடச்சுக்குங்க.

சுகிர்தம்: இன்னிக்கு அழக்கூடாதுன்னுதான் வந்தேன் நானா.

மீராசாஹிப்: அழலையே. சிரிக்கத்தானே செய்றீங்க.

சுகிர்தம்: ரெண்டும் ஒண்ணாத்தான் வருது.

மீராசாஹிப்: வரட்டும், நல்லதுதான்... முக்கால் மணித்தியாலம் ஆகும். அந்த வாங்குல குந்துங்க, ரெண்டு பிளேன்டீ அனுப்புறேன். நான் உள்ளுக்குப் போறேன். இன்னைக்கு எந்த மேட்ச்சுக்கும் ஓட மாட்டேன்!

சுகிர்தம்: ...பாவம், நல்ல மனுசன்.

லியனார்ட்: ம்.

சுகிர்தம்: என்ன ம்? இப்பச் சொல்லுங்க. பஸ்ஸுல சொல்ல வந்தது.

லியனார்ட்: அது... ஒண்ணுமில்ல. மெழுகுதிரி வாங்கணும். சீனவெடி வாங்கணும். தையக்காரர்கிட்ட...

சுகிர்தம்: சட்டையெல்லாம் நேத்தே வாங்கியாச்சு.

லியனார்ட்: வாங்கியாச்சா...

சுகிர்தம்: நான் ஒண்ணு கேக்குறேன். முந்தியெல்லாம் சொந்தக் கொழுந்தன் மாதிரி 'மதினி, மதினி'ன்னு வாய் ஓயாமக் கூப்பிடுவீங்க. இந்த வருசம் பாஸ்காத் திருநாளுக்குப் பொறகு ஒரு தடவை கூட கூப்பிடல. 'இந்தாங்க', 'பாருங்க', 'ஏங்க'... எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?

லியனார்ட்: நீங்க மட்டும்? 'கொழுந்தனாரே'ன்னு கேலி பண்ணுவீங்கள்ல? அது எங்க போச்சு?

சுகிர்தம்: ...நீங்க விட்டீங்க. நானும் விட்டுட்டேன்.

லியனார்ட்: எனக்குப் பயமா இருக்கு.

சுகிர்தம்: யாரை நெனச்சு?

லியனார்ட்: லயத்துல பேசுவாங்க. பந்து போட்டவன் அப்பிடியே வீட்டுக்குள்ளயும் வந்துட்டான்னு... அத விடுங்க. சூசைய நெனச்சாத்தான். அவரு கஞ்சி கொண்டாந்து குடுத்த ஆளு எனக்கு. தங்கச்சிமாரைக் கரையேத்த நான் லோல்பட்டப்போ கூட நின்னவரு. அவரு பொஞ்சாதிய நான்... அது துரோகம் இல்லையாங்க?

சுகிர்தம்: எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு. ரொம்ப நாளு இருந்துச்சு. அவரை நெனைக்காம ஒரு நாளு போறதில்ல, இனியும் போகாது. ஆனா அவரைப் பத்தி நான் சிரிச்சுப் பேசுறது ஒங்களோட மட்டுந்தான். மத்தவங்க அவரு பேரை எடுத்தாலே மொகத்தைத் தூக்கி வச்சுக்குறாங்க, நானும் அழ வேண்டியதா இருக்கு. பொல்பிட்டியவுல போயி யாருகிட்ட சிரிப்பேன்?

லியனார்ட்: அப்ப போகாதீங்க.

சுகிர்தம்: என்னது? சத்தமா சொல்லுங்க. போறணைச் சத்தத்துல கேக்கல.

லியனார்ட்: போகாதீங்கன்னேன்! இங்கயே இருங்க. என்னோட இருங்க. அம்புட்டுதான். சொல்லிட்டேன்.

சுகிர்தம்: அடேங்கப்பா... சனமெல்லாம் திரும்பிப் பாக்குது.

லியனார்ட்: பாக்கட்டும். இன்னும் ஒண்ணு இருக்கு. அதக் கேட்டா நீங்க தட்டைத் தூக்கி என் தலையில கவுத்துருவீங்க.

சுகிர்தம்: தட்டு போறணையில இருக்கு. தைரியமா சொல்லுங்க.

லியனார்ட்: ஒங்க அண்ணன் வேனோட வாறாருன்னு கேட்டதும் எனக்குக் கை கால் ஓடல. போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நேரா சாமியார்கிட்டப் போயிட்டேன். தை மாசம் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லி... நம்ம ரெண்டு பேரு பேரையும் எழுதிக் குடுத்துட்டேன்.

சுகிர்தம்: என்னையக் கேக்காமலா?

லியனார்ட்: தப்புதான். பெரிய தப்பு. ஓலையில பேரு குடுக்குறதுக்கு முந்தி பொண்ணைக் கேக்கணும்னு கூடத் தோணாத மடையன் நானு. ஒரு கெழமையா தூக்கமில்ல. நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா இப்பவே ஓடிப் போயி அந்தத் துண்டைத் திருப்பி வாங்கியாந்துர்றேன்.

சுகிர்தம்: சாமியாரு என்ன சொன்னாரு?

லியனார்ட்: ஒண்ணும் சொல்லல. துண்டைப் படிச்சாரு, என்னையப் பாத்தாரு, விழுந்து விழுந்து சிரிச்சாரு. முதுகுல ரெண்டு தட்டுத் தட்டி "போயிட்டு வாப்பா"ன்னு அனுப்பிட்டாரு. அவரு ஏன் சிரிச்சாருன்னுதான் எனக்கு இன்னும் வெளங்கல.

சுகிர்தம்: சிரிக்காம என்ன செய்வாரு? அதுக்கு முந்துன ஞாயித்துக்கிழமையே நான் போயி அதே ரெண்டு பேரைக் குடுத்து, அண்ணனுக்கும் வேன் வேணாம்னு எழுதிப் போட்டுட்டு, நீங்க எப்ப வாயத் தெறப்பீங்கன்னுல்ல காத்துக்கிட்டு இருந்தேன்!