சினேகாவின் நிறம்

என் கையைப் பார்த்தால் மீன் விற்றவள் கை என்று சொல்ல மாட்டீர்கள் இன்ஸ்பெக்டர் மேடம். கத்திக் கீறல் ஒன்றுகூடத் தெரியாது. கிரீம் கலந்து கலந்து அப்படி ஆகிவிட்டது.

காலடிப்பேட்டையில் கூடை வைத்து உட்கார்ந்திருந்த வரைக்கும் கெங்கம்மா என்றால் யாருக்கும் தெரியாது, மீன்காரி என்றால்தான் தெரியும். முட்டி வலி வந்து உட்கார முடியாமல் போனபோது, ராயபுரத்தில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் ஜெனிஷ் ஒரு டப்பா சிவப்பழகு கிரீம் கொடுத்தான். மேலே இருப்பது எந்த ஊர் எழுத்து என்று அவனுக்கும் தெரியவில்லை. அதோடு மெடிக்கலில் கிடைக்கும் அரிப்பு ஆயின்மென்ட்டைப் பிதுக்கி, கஸ்தூரி மஞ்சளும் பன்னீரும் சேர்த்துச் சின்ன டப்பாக்களில் அடைத்தேன். மூலிகைக் கிரீம் என்றேன். மஞ்சள் மூலிகைதானே, பொய் சொல்லவில்லை.

செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டாமல் வஞ்சிரத்தைக்கூட விற்க முடியாது. கிரீமில் தூக்கிக் காட்டச் செவுளுக்கு எங்கே போவேன்? அதற்குத்தான் என் மகள் சினேகா இருந்தாள். அவள் அப்பா மாதிரி நல்ல கறுப்பு. பிறந்த அன்றே என் நாத்தனார் எட்டிப் பார்த்து, "இன்னா கெங்கா, கரிமூட்டைய பெத்துகினு வந்துகீற" என்றாள். அந்த வார்த்தையை நான் மறக்கவே இல்லை. பத்தாவது முடித்த லீவில் சினேகாவுக்குப் பூச ஆரம்பித்தேன். லீவு முடிவதற்குள் தெருவே திரும்பிப் பார்த்தது. வாசலில் உட்கார வைத்துத் தலை பின்னிவிடுவேன். குப்பத்துப் பெண்கள் அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பார்கள். பிறகு டப்பா கேட்பார்கள்.

கல்லூரிக்குப் போன பிறகு அவளே போதும் என்றாள். முகம் எரிகிறது, பஸ் ஸ்டாப் வெயிலில் நிற்க முடியவில்லை என்றாள். நிறுத்தினாள். சில நாளில் முகம் சிவந்து, பொரிந்து, பழைய கறுப்பைவிடக் கறுத்தது. டப்பா வாங்க வந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனார்கள். அவள் வெயிலுக்கென்று தனியாக ஒரு கிரீம் வாங்கி வைத்திருந்தாள். அதைக் காலி செய்து நம்முடையதை நிரப்பினேன். மஞ்சள் மட்டும் சேர்க்கவில்லை, வாசனையில் கண்டுபிடித்துவிடுவாள்.

அப்புறம் முகம் உப்ப ஆரம்பித்தது. எதிர் வீட்டு பவானி என்னிடம் முதலில் வாங்கியவள். அவள்தான், "கன்னம் ரெண்டும் ஆப்பிளாட்டம் கீதுக்கா, பொண்ணு சதை போட்டுகினு அழகாயிட்டா" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த வாரம் நிறைய டப்பா போனது. கால் வீங்கிச் செருப்பு நுழையாதபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கூட்டிப்போகாமல் இருந்துவிடவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டாக்டர் ஷாஸியா பொறுமையானவர். சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு வருகிறது, சில சிவப்பழகு கிரீம்களில் பாதரசம் இருக்கும், அது தோல் வழியாக உள்ளே போய் இப்படிச் செய்யும் என்றார். இப்போதே நிறுத்தினால் பெண் தேறிவிடுவாள் என்றும் சொன்னார். ஏதாவது பூசுகிறாயா என்று சினேகாவைக் கேட்டார். அவள் வெயில் கிரீம் பெயரைச் சொன்னாள். அது நல்ல கம்பெனியாயிற்றே என்று டாக்டர் யோசிக்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்குப் பின்னால் என்னிடம் வாங்குகிற பெண்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டும் கேட்டார். மஞ்சள் மட்டும்தான் என்றேன்.

வார்டிலும் பூசினேன். பார்க்க வருகிறவர்கள் முகத்தைத்தானே பார்ப்பார்கள். ஒரு நாள் காலையில் கண்ணை மூடிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மா, இது நம்ம டப்பாதான?"

வெயில் கிரீம்தான் என்றேன். கையை விட்டுவிட்டாள். எனக்குத்தான் அந்தப் பிடி விடவில்லை. சோறு அள்ளும்போது இருக்கிறது, இதோ இப்போதும் இருக்கிறது.

ஐஸ் பெட்டியில் வைப்பதற்கு முன் குளிப்பாட்டி, கல்யாணம் ஆகாதவள் என்று மணப்பெண் மாதிரி அலங்கரித்தார்கள். முகத்துக்கு மட்டும் நான் பூசினேன். கண்ணாடி வழியாகப் பார்த்தவர்கள் எல்லாம் என்ன நிறம், என்ன நிறம் என்று சொல்லி அழுதார்கள். அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது, மறைப்பானேன்.

தெருமுனையில் அவளுக்கு வைத்த கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் இன்னும் இருக்கிறது. வெயிலில் முகம் நாளுக்கு நாள் வெளுக்கிறது. கண் போய்விட்டது, மூக்கு போய்விட்டது. அந்த வெள்ளை மட்டும் நான் போகிற பக்கமெல்லாம் திரும்புகிறது. பயமாக இருக்கிறது மேடம். அந்த வழியாகப் போவதை நிறுத்திப் பார்த்தேன். வேறு தெருவிலும் இருக்கிறது.

பவானிக்கும் கால் வீங்கி, அவள் டப்பாவை அதே டாக்டர் சோதிக்கக் கொடுத்ததால் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள். இல்லாவிட்டாலும் கேட்டால் சொல்லியிருப்பேன். தெரிந்துதான் மறைத்தேன், தெரிந்துதான் பூசினேன். கையெழுத்துப் போடுகிறேன். வீட்டில் மிச்சம் இருக்கிற டப்பாக்களை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். வழக்கமாகப் பூசுகிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் முகம் கெட்டுவிடும். என் பெண்ணைக் கடைசி வரைக்கும் நான் நிறுத்த விடவில்லை. அவள் முகத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை.