ஏழு கொடி மேஜை

அந்தத் தூண் பக்கம் வேணாம் தம்பி, செக்யூரிட்டி பாத்தா கத்துவான். இப்படி சமையல்கட்டு நிழல்ல உக்காரு. பாக்கு போடுறியா? இன்னுமா பழகல! நீ போர்ட் மோர்ஸ்பிக்கு வந்து எத்தனை வருஷமாச்சு?

ஆமா, மேஜை போட்டுட்டுத்தான் வர்றேன். இரு, சொல்றேன்.

இந்த ஓட்டல்ல கூட்டம்னா மேஜை போடுறதும் நான்தான், கொடி தேய்க்கிறதும் நான்தான். அகதிகளை வெச்சு விசாரிக்க ஒரு மையம் கட்டுற பேச்சு முதல் தடவை நடந்தப்போ ஏழு நாடு, ஏழு கொடி. யாரு பக்கத்துல யாருன்னே ஒரு நாள் பூரா இழுத்தாங்க. வட்டமா போடுன்னாங்க, அப்புறம் நீளமா போடுன்னாங்க. என் முதுகு போச்சு. எந்தத் தீவுல கட்டுறதுன்னு யாரும் வாயே திறக்கல.

ரெண்டாவது தடவை அஞ்சு கொடி. கட்டுங்க, எங்க ஊர்ல மட்டும் வேணாம்னு அஞ்சு பேரும் சொன்னாங்களாம். காபி ஊத்துற கிலா கேட்டுட்டு வந்து சொன்னா. அடுத்த தடவை மூணுதான். அன்னைக்கு மிஞ்சின கோழியைத்தான் உனக்குக் கட்டிக் குடுத்தேன்.

உன் கடுதாசியா? அதுக்குத்தான் வர்றேன். பொண்டாட்டியும் மகளும் இந்தோனேசியாவுல கிடக்குறாங்க, மையம் வந்தா மூணு பேரையும் ஒண்ணா வெச்சு விசாரிங்கன்னு எழுதினியே, அதை நான் கண்டவன்கிட்ட குடுக்கல. இந்தப் பேச்சை நடத்துற பெரிய அதிகாரியோட டிரைவர் பொமாட், என் வாண்டோக். ஒரே தீவு, ஒரே பேச்சு. இங்க தபால்ல போட்டா தொலைஞ்சிடும், வாண்டோக் கையில குடுத்தா போய்ச் சேரும். குடுக்குறியாடான்னேன், குடுக்குறேன் அண்ணேன்னான். குடுத்தியாடான்னேன், குடுத்துட்டேன் அண்ணேன்னான். நானும் உன்கிட்ட வந்து, அவரு படிச்சிட்டாருன்னேன். படிச்சிட்டாருங்கிறது நானா சேத்துக்கிட்டது.

இன்னைக்குக் காலையில பொமாட் வந்து இதை நீட்டுறான். பாரு, உறை பிரிக்கவே இல்ல. எட்டு மாசமா சீட்டுக்கு அடியில கிடந்திருக்கு. அந்த மனுஷன்கிட்ட ஒரு டிரைவர் எப்படி நீட்டுவான்? வாண்டோக்கிட்ட முடியாதுன்னும் சொல்ல முடியாது, அதான் தலையாட்டிட்டான். திட்டலாம்னுதான் பாத்தேன். நான் மட்டும் என்ன யோக்கியம்?

இந்தா, பிடி. மகள் படம் உள்ளதானே இருக்கு, மடங்காம வெச்சுக்க.

என்னது, இன்னைக்கு நீயே உள்ள போய் நீட்டுறியா? உக்காரு தம்பி. உக்காருன்னா.

இன்னைக்கு யாரும் என்னைக் கொடி தேய்க்கச் சொல்லல. மையமும் வேணாம், பேச்சும் வேணாம்னு போன மாசமே முடிச்சிட்டாங்க. வாரா வாரம் நீ வந்து நிக்கிறப்போ சொல்லலாம்னுதான் பாப்பேன்.

உள்ள போட்டிருக்கிறது கல்யாண மேஜை. அந்த அதிகாரியோட மகளுக்குத்தான். உனக்கும் ஒரு தட்டு எடுத்து வெச்சிருக்கேன், சாப்பிட்டுட்டுப் போ.