பால்பவுடர் டப்பாவில் ஹீலியம்

— அந்தக் கருமத்தை மறுபடி மெஷின்ல மாட்டியிருக்கியாமே, யூனிஸ்? நான்தான் தூக்கிக் குப்பையில போட்டேனே!

— போய் எடுத்துட்டு வந்தேன் சார். கேன்டீன் குப்பைத்தொட்டி. மேல பூரா சாம்பார் சோறு, முட்டை ஓடு, ஈ. கழுவித் துடைச்சு மாட்டினேன்.

— சீ! பிஎச்டி பண்ற பொண்ணு குப்பையைக் கிளறுதா? பல்லாவரம் சந்தையில வாங்கின பால்பவுடர் டப்பாவை வெச்சு யாராவது புரோட்டீன் கிரிஸ்டலைப் படம் எடுப்பாங்களா? கருமம்!

— வேற என்ன சார் பண்றது? கிரிஸ்டலுக்கும் ஃபிலிமுக்கும் நடுவுல காத்து இருக்கு. எக்ஸ்ரே அதுல பட்டுச் சிதறி, ஃபிலிம் முழுக்க மூட்டம். கேட்டா கிரிஸ்டல் மட்டம், அதை வளர்த்த நானும் மட்டம்னீங்க.

— மட்டம்தான்.

— டப்பாவை ரெண்டு பக்கமும் வெட்டி, மெல்லிசா பிளாஸ்டிக் ஒட்டி, உள்ள ஹீலியம் விட்டேன். ஹீலியம் காத்து மாதிரி சிதறடிக்காது. மூட்டம் போயே போச்சு சார். அவ்வளவு சுத்தமா இருக்கு படம்.

— அடுத்த வாரம் வெளிநாட்டுக்காரங்க லேபைப் பாக்க வர்றாங்க. வேதசிரோமணி லேப்ல பால் டப்பா ஆராய்ச்சின்னு போய்ச் சொல்லுவாங்க. எனக்கு அசிங்கம்.

— அதுக்காக, நான் சாப்பிடப் போன நேரம் பாத்து, ஓடிட்டு இருந்த மெஷினை நிறுத்திப் பிடுங்கிப் போடுவீங்களா? அதுல இருந்த கிரிஸ்டல் நொறுங்கிப் போச்சு சார். மாசக்கணக்கா வளர்த்தது. தாம்பரத்துல கரன்ட் போறப்பல்லாம் ஐஸ்கட்டி வாங்கிட்டு இரும்புலியூர்லேந்து சைக்கிள்ல ஓடி வருவேன், ஃப்ரிட்ஜுக்குள்ள அது செத்துடக் கூடாதுன்னு.

— இப்ப அழுவியா?

— அழலை சார். குமட்டுது. அந்தக் குப்பை நாத்தம் கழுவினதும் போயிடுச்சு. இது போகலை.

— வாயை அளந்து பேசு! நான் கையெழுத்துப் போடாம உன் தீசிஸ் இந்த வாசலைத் தாண்டாது. ஞாபகம் இருக்கட்டும்.

— இருக்கு சார். எல்லாத்தையும் தொடைச்சுக்கிட்டுத்தான் வந்திருக்கேன். மிச்சம் இருந்த கிரிஸ்டலை வெச்சு மறுபடி எடுத்தேன். மூட்டம் போனதும், என் ஃபிலிம்ல இதுவரைக்கும் தெரியாத புள்ளிங்க தெரியுது. அதைக் காட்டத்தான் வந்தேன். இந்தக் கவர்ல இருக்கு, பாருங்க.

— பாக்க மாட்டேன்.

— ஒரு தடவை சார்.

— என்னத்தைப் பாக்கறது? வரிசைக்கு நடு நடுவுல மங்கலா நாலு புள்ளி. உடனே நான் பேப்பர்ல போட்ட புரோட்டீன் ஸ்ட்ரக்சர் தப்புன்னு ஆயிடுமா? எல்லா மூலக்கூறும் ஒரே மாதிரி நிக்கலை, மாத்தி மாத்தி ரெண்டு விதமா நிக்குதுன்னு கிளம்பிடுவியா? அது அழுக்கும்மா! கிரிஸ்டல்ல இருக்கற வெறும் அழுக்கு.

— சார்...

— என்ன?

— கவரை நான் இன்னும் பிரிக்கவே இல்லை. புள்ளி எந்த இடத்துலன்னு உங்ககிட்ட மட்டுமில்ல, யார்கிட்டயும் சொல்லலை.

— எல்லாம் ஒரு அனுபவத்துல சொல்றதுதான். நீ கிளம்பு.

— அப்போ, உங்க பழைய ஃபிலிம்லயே இந்தப் புள்ளிங்களைக் கண்ணால பாத்துட்டுத்தான் அந்தப் பேப்பரை அச்சுக்கு அனுப்பினீங்களா சார்?