ஐந்து ஸ்பீக்கரும் வலப்பக்கம்

யுத்தம் முடிந்த அடுத்த வருடம், பெரியகல்லாறு போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். திருத்தி எடுத்த பழைய ஹோம் தியேட்டர் ஆம்ப் ஒன்று கணவரின் மடியில் இருந்தது.

“மகன்ட கேம் பெட்டியில சிவப்பு, வெள்ளை வயரக் கொழுவினாச் சரி. ஸ்பீக்கர் அஞ்சையும் என்ட வலப்பக்கம் வைப்பம்.”

“அறையச் சுத்தி வைக்கிற சாமான்தானே?”

“ஷெல் விழுந்ததில இருந்து இடது காது கேக்குதா கா எனக்கு? இடப்பக்கத்தால அவன்ட கார் முந்துற சத்தமே தெரியுதில்ல.”

“நேத்து நீங்கதானே வெண்டீங்க?”

“அவன் விட்டுத் தந்தவன். இனி அவன் விட்டுத்தரத் தேவையில்ல.”

“தோத்தா அழுவானே!”

அவர் ஆம்பைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

“அழுதா, நான் விட்டுக் குடுப்பன்.”