முன்வரிசையில் ஒரு மடக்கு நாற்காலி

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, எங்கள் கட்சியின் மேயர் அவர்களே, கஸ்தெல்மோரோ நகரப் பெருமக்களே, மூன்றாம் வரிசையில் கைகட்டி அமர்ந்திருக்கும் எதிர்க்கட்சி வேட்பாளர் தெலியோ பர்கெட்டா அவர்களே, கதவருகே என்னையே முறைத்துக்கொண்டு நிற்கும் காவலர் அவர்களே! வணக்கம்.

நாளை வாக்குப்பதிவு. இன்று ஓட்டுக் கேட்டால் சட்டப்படி குற்றம். நம் கிளைச் செயலாளர் அட்டீலியா ஜெரோசா அம்மையார், நாம் வாயைத் திறக்கக் கூடாத நாளாகப் பார்த்துத் தனக்கு இரங்கல் கூட்டம் போட வைத்துவிட்டார்! காவலரே, கவலை வேண்டாம். அம்மையாரைப் பற்றி மட்டுமே பேசுவேன்.

நான் யார்? பிரச்சாரக் கார் ஓட்டும் உகோ. பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் சீக்கிரமே கைவிட்டோம். போன தேர்தலில் ஒலிபெருக்கியை அணைக்க மறந்து, மாமியார் சமையலைப் பற்றிய என் கருத்தை ஊர் முழுக்க அறிவித்தவன். பதறிப்போய் அம்மையாரிடம் ஓடினேன். என்ன சொன்னார் தெரியுமா?

"விடுப்பா உகோ! நம்ம கட்சி பேசினதுல ஜனங்க காது குடுத்துக் கேட்டது இது ஒண்ணுதான்!"

அதுதான் அட்டீலியா! எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கு மடக்கு நாற்காலியோடு போய் முன்வரிசையில் உட்கார வேறு யாருக்குத் துணிச்சல் உண்டு? சொல்லுங்கள்!

சென்ற மாதம் சந்தைச் சதுக்கத்தில் பர்கெட்டா முழங்கினார்: "ஒரு பக்கம் மக்கள்! இன்னொரு பக்கம் திருட்டுக் கும்பல்! மக்களோட குரல் நான் மட்டும்தான்!" கைத்தட்டலில் புறாக்கள் பறந்தன. அம்மையார் எழுந்தார்.

"தெலியோ தம்பி, நான் மீன்கடை மாடியில குடியிருக்கேன். உனக்கு ஓட்டுப் போடமாட்டேன். அப்போ நான் மக்கள் இல்லையா? யாரு நான்?"

"அம்மா, நீங்க... நீங்க உக்காருங்க."

"இவ்வளவு நேரம் உக்காந்துதானே கேட்டேன்! எழுந்ததே இதுக்குத்தான்."

சதுக்கமே சிரித்தது. பர்கெட்டா அவர்களே, நீங்களும் சிரித்தீர்கள். நான் பார்த்தேன்! பதில்தான் இன்னும் வரவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "இவனுக்குக் கைதட்டினவங்க எல்லாம் மடப்பசங்க!" என்று குதித்தேன். அம்மையார் என் காதைத் திருகாத குறை.

"உன் பொண்ணும்தான் தட்டினா. அவ முட்டாளா? வீட்டுக்குப் போய்க் கத்தாதே. அவளுக்கு எதுக்குக் கோபம்னு கேளு."

கேட்டேன். என் மகள் லாவினியா பொரிந்து தள்ளினாள்: "காலைல வேலைக்குப் போற பஸ்ஸை நிறுத்திட்டாங்கப்பா! உங்க கார் தெருத்தெருவா கத்துதே, ஒரு தடவையாவது அதைப் பத்திப் பேசிச்சா?"

இல்லையே! மாமியார் சமையலைப் பற்றிப் பேசியது. பேருந்தைப் பற்றிப் பேசவில்லையே! மேயர் அவர்களே, நெளியாதீர்கள். மறுநாளே அம்மையார் அந்தப் பேருந்தைக் கேட்டு, அதே நாற்காலியோடு உங்கள் அலுவலகத்துக்கும் வந்தாரல்லவா?

நாளை யார் வென்றாலும், எங்கள் ஆளே வென்றாலும், வெற்றிக் கூட்டத்தின் முன்வரிசையில் அந்த நாற்காலி இருக்கும். அதிலிருந்து ஒருவர் எழுந்து கேள்வி கேட்பார். இது அட்டீலியா மீது சத்தியம்!

இன்று காலை மகளிடம், "ஓட்டு யாருக்கும்மா?" என்றேன்.

"அது உங்களுக்கு எதுக்கு? நாற்காலியை இங்க குடுங்கப்பா. நான் தூக்கிட்டு வரேன்."

அதோ, நாற்காலியோடு கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்கிறாள். நம் ஊர் வழக்கப்படி அம்மையாரைக் கைதட்டி வழியனுப்புவோம். தட்டுங்கள்! காவலரே, இதற்குத் தடையில்லை, நீங்களும் தட்டுங்கள்! லாவினியாவுக்கு வழி விடுங்கள். முன்வரிசைக்கு வரட்டும்!